இரண்டாவது படம்

1976ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதுதான் அரவிந்த். அதே ஆண்டு ஜூன் 25 அன்று, அவசரநிலைக் காலத்தின் நடுவில், கல்வராயன் மலையை ஆண்டுவந்த மூன்று ஜாகீர்தார்களின் அதிகாரம் முடிவுக்கு வந்து மலை முழுமையாக அரசின் கைக்குப் போனது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று பட்டங்கள், மூன்று பங்காகப் பிரிந்த மலை. நாடு விடுதலையாகி 29 ஆண்டுகள் கழித்துத்தான் அங்கே இந்தியா வந்துசேர்ந்தது.

இந்த இரண்டையும் நான் சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. மதுரையில் தொடங்கிய அந்த வேலை, கண்புரையால் வரும் குருட்டைப் பெருமளவு தோற்கடித்த ஒரு கதையின் ஆரம்பம். ஊரில் கேம்ப் போடு, பஸ்ஸில் ஏற்று, அறுவை செய், லென்ஸ் வை, திருப்பி அனுப்பு. ஒரு முறை வந்தால் போதும். ஆனால் ஒரு முறை வந்தால் போதாத நோய் ஒன்று கண்ணில் இருக்கிறது. அதற்குக் கிளாக்கோமா என்று பெயர். கள்ளக்குறிச்சிப் பக்கம் கேட்டால் "கண் பிரஷர்" என்பார்கள். இந்த நோயில் போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். அதற்கு அந்தக் கண்ணை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும். சமவெளிக்கு வருவதற்கே ஒரு நாள் கூலியை விடவேண்டிய மலைவாசியிடம் மருத்துவம் கேட்கும் மிகக் கஷ்டமான விஷயம் இதுதான்: "மறுபடி வாங்க."

கண்ணுக்குள் படம் எடுத்துக் கிளாக்கோமாவின் நகர்வைக் கண்காணிக்கும் வரலாற்றை, கருவிகள் ஒன்றைவிட ஒன்று கூர்மையான கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. மென்பொருள் எழுதுகிறவனாக இருப்பதால் இருக்கலாம். ஒரு படத்தை எடுப்பது எப்படி என்பது அதில் பாதிக் கதைதான். இரண்டு படங்களை ஒப்பிடுவது எப்படி என்பது மீதி. அந்த மீதிதான் கஷ்டம்.

குழியா, மேடா?

1850 இறுதியில், கோனிக்ஸ்பர்க்கில் உடலியல் பேராசிரியராக இருந்த 29 வயது ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் பார்க்க ஒரு கருவி செய்தார். அதற்கு முன்பு கண்மணி ஒரு கறுப்பு ஓட்டை, அவ்வளவுதான். உள்ளே பார்க்கக் குனிந்தால் பார்ப்பவரின் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். வெளிச்சம் போகும் பாதையும் பார்வை போகும் பாதையும் ஒன்றாகவேண்டும். சாய்த்துவைத்த சில கண்ணாடித் தகடுகளால் அதைச் சாதித்தார். ஜெர்மன் மொழியில் அதற்கு இட்ட பெயரின் பொருள் கண்ணாடி: கண்ணைப் பார்க்கும் ஆடி.

அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவின் கண் மருத்துவர்கள் எல்லாரும் எல்லாக் கண்ணுக்குள்ளும் எட்டிப் பார்த்தார்கள். கிளாக்கோமா வந்த கண்ணில் பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் அந்த வட்டம், அதாவது நரம்புத் தட்டு, விசித்திரமாக மாறியிருந்தது. 1854இல் வியன்னாவின் எட்வார்ட் யேகரும் பெர்லினின் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபேயும் அதை விவரித்தார்கள். இருவரும் சொன்னது: நரம்பு வீங்கி முன்னால் பிதுங்கியிருக்கிறது.

உண்மை நேர்மாறானது. அது பள்ளம். ஒரே கண்ணால், ஆழம் தெரியாத பிம்பத்தைப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். நிலாவின் பள்ளங்களைப் படத்தில் பார்க்கும்போது சில நேரம் கொப்புளம்போலத் தெரியும் இல்லையா, அதே மயக்கம். கிரேஃபேயும் அவரோடு வேலைபார்த்த அடோல்ஃப் வெபரும் ஓரிரு ஆண்டுகளில் இதைத் திருத்தினார்கள். 1856இல் ஹைன்ரிக் மூல்லர், இறந்தவரின் கண்ணை அறுத்துப் பார்த்து அது குழிதான் என்று உறுதி செய்தார்.

கண்ணை முதன்முதலில் உள்ளே பார்த்த மேதைகளே குழியை மேடு என்று எழுதினார்கள் என்பது இந்த வரலாற்றில் நாம் பிடித்துக்கொள்ளவேண்டிய முதல் முடிச்சு. பிம்பம் உண்மையாகத்தான் இருந்தது, படித்த விதம் தவறாகிப்போனது. அன்றிலிருந்து இன்றுவரை இந்தத் துறையின் சண்டை முழுக்க இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

அந்தக் குழி எப்படி வருகிறது? கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, ஓரத்திலிருக்கும் நுண்வடிகால் வழியாக வெளியேறுகிறது. வடிகால் அடைத்தாலோ வழி குறுகினாலோ உள்ளே அழுத்தம் ஏறும். விழித்திரையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இழைகள் வந்து, சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த வட்டத்தில் வளைந்து மூளையை நோக்கி இறங்குகின்றன. அழுத்தம் அங்கேதான் வலுவாகத் தாக்குகிறது. இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. இழைகள் குறையக் குறைய நடுக்குழி அகலமாகிறது, ஆழமாகிறது. வலி கிடையாது. முதலில் போவது ஓரப் பார்வை. ஒரு கண் விட்டதை இன்னொரு கண் நிரப்பிவிடும். மூளையும் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கும். ஆள் கவனிக்கும்போது பெரும்பகுதி போயிருக்கும். சிலருக்கு அழுத்தம் சாதாரண அளவில் இருக்கும்போதே நரம்பு சாகும். அதனால் அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது. நரம்பையே பார்க்கவேண்டும்.

எழும்பூரின் துளை

இந்த நோயின் வரலாற்றில் சென்னைக்கு உலக அளவில் ஓர் இடம் உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. 1904 முதல் 1913 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ராணுவ மருத்துவர். 1909இல் அவர் கிளாக்கோமாவுக்கு ஓர் அறுவையை அறிமுகப்படுத்தினார். கருவிழியும் வெண்விழியும் சேரும் இடத்தில், வட்டமான சின்ன வெட்டுக்கருவியால் ஒரு துளை. உள்ளே தேங்கும் நீர் அந்தத் துளை வழியாக வெண்படலத்துக்கு அடியில் கசிந்து போய்விடும். பல பத்தாண்டுகளுக்கு உலகம் முழுக்க இந்த முறை 'எலியட் அறுவை' என்ற பெயரிலேயே செய்யப்பட்டது. துளை வழியாகப் பின்னாளில் கிருமி புகும் ஆபத்தும், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிடும் சிக்கலும் அதில் இருந்தன. இப்போது அதன் இடத்தில் வேறு முறைகள் வந்துவிட்டன.

இது சென்னையில் வேர்விட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ரயிலிலும் மாட்டுவண்டியிலும் தொலைவிலிருந்து வரும் நோயாளியிடம் தினமும் மருந்து போடு, மாதாமாதம் வந்து காட்டு என்று சொல்லிப் பயனில்லை. ஒரு தடவை வந்தவருக்கு ஒரு தடவையிலேயே முடிகிற சிகிச்சைதான் வேண்டும். மறுபடி வராத நோயாளிக்கு எழும்பூர் கண்ட விடை அந்தத் துளை.

எலியட்டைப் பற்றி ஒரு கிளைத்தகவல். ஓய்வுக்குப் பின் லண்டனில் மாய வித்தைக்காரர்களின் சங்கத்தில் சேர்ந்து, இந்தியக் கயிறு வித்தை வெறும் கட்டுக்கதை என்று நிறுவப் பெரும்பாடு பட்டார். கண்ணை வைத்துப் பிழைத்தவர், கண் எப்படி ஏமாறும் என்பதிலும் ஆர்வம் கொண்டிருந்தது பொருத்தம்தான்.

இரண்டரை நிமிடம் அசையாதே

கண்ணுக்குள் பார்ப்பது ஒன்று, பார்த்ததை வைத்துக்கொள்வது வேறொன்று. முதல் அரை நூற்றாண்டு முழுக்க மருத்துவர்கள் கையால் வரைந்தார்கள். யேகரே அற்புதமான ஓவியர். ஆனால் இன்று ஒருவர் வரைந்ததையும் ஐந்து ஆண்டு கழித்து இன்னொருவர் வரைந்ததையும் வைத்து நோய் நகர்ந்ததா, ஓவியர் மாறினாரா என்று எப்படிச் சொல்வது?

1886இல் இங்கிலாந்தில் ஜாக்மன், வெப்ஸ்டர் என்ற இருவர் உயிருள்ள மனித விழித்திரையின் புகைப்படத்தை வெளியிட்டார்கள். கேமராவை நோயாளியின் தலையோடு கட்டி, இரண்டரை நிமிடம் வெளிச்சம் காட்டி எடுத்த படம். நரம்புத் தட்டு மங்கலாகத் தெரிந்தது. கடையில் வாங்கக்கூடிய விழித்திரைக் கேமராவை 1926இல் ஸைஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஸ்வீடனின் நார்டென்சன் வடிவமைத்தது. பிறகு ஃபிளாஷ் வந்தது, கலர் பிலிம் வந்தது, சற்றே விலகிய இரண்டு கோணங்களில் எடுத்து ஆழத்தைக் காட்டும் இரட்டைப் படங்கள் வந்தன. குழியா மேடா என்ற பழைய மயக்கம் அங்கே முடிந்தது.

1960களில் அந்தக் குழியை ஓர் எண்ணாக்கினார்கள். தட்டின் விட்டத்தில் குழியின் விட்டம் எத்தனை பங்கு? 0.3 என்றால் பெரும்பாலும் கவலையில்லை, 0.8 என்றால் யோசிக்கவேண்டும். பார்த்து, மனதில் கணக்குப் போட்டு, சீட்டில் எழுதிவிடலாம். இன்றும் எழுதுகிறார்கள். ஒரே படத்தை இரண்டு நிபுணர்களிடம் கொடுத்தால் ஒருவர் 0.5 என்பார், மற்றவர் 0.6 என்பார். பிறவியிலேயே பெரிய தட்டு அமைந்தவருக்குப் பெரிய குழி இருக்கும், நோய் இருக்காது. சின்னத் தட்டுக்காரருக்குக் குழி சின்னதாகவே இருக்கும், நோய் ஒளிந்திருக்கும்.

1982இல் ஹாரி குவிக்லியும் அவரது சகாக்களும் வேறொரு வழியில் போனார்கள். இறந்தவர்களின் கண்களில் நரம்பு இழைகளை எண்ணி, அவர்கள் உயிரோடிருந்தபோது செய்த பார்வைப்புலப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு நாற்பது இழை வரை போன பிறகும் சில கண்கள் அந்தப் பரிசோதனையில் தேறியிருந்தன. இந்த முடிவுதான் அடுத்த நாற்பது ஆண்டுகளின் திசையைத் தீர்மானித்தது. நோயாளியிடம் "விளக்கு தெரியுதா, தெரியலையா" என்று கேட்டுக் கண்டுபிடிப்பதற்கு முன்பே இழைகளின் இழப்பைக் கண்ணிலேயே அளந்துவிட முடியுமா?

ஒளியின் எதிரொலி

முடியும் என்று காட்டியது ஓ.சி.டி. கருவி. 1991 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் எம்.ஐ.டி. குழு ஒன்று அதை வெளியிட்டது. டேவிட் ஹுவாங் அப்போது மருத்துவமும் முனைவர் பட்டமும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்த மாணவர். ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ அவருடைய பேராசிரியர். எரிக் ஸ்வான்சன், லிங்கன் ஆய்வகத்தில் செயற்கைக்கோள்களுக்கிடையே லேசர் மூலம் தகவல் அனுப்பும் வேலையில் இருந்த பொறியாளர். மூவருக்கும் 2023இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

அடிப்படை யோசனை அல்ட்ராசவுண்ட் மாதிரிதான். ஒலிக்குப் பதிலாக ஒளி. உள்ளே அனுப்பு, எந்த அடுக்கிலிருந்து எப்போது திரும்புகிறது என்று பார், ஆழம் தெரிந்துவிடும். சிக்கல் எங்கே என்றால் ஒளியின் வேகம். 10 மைக்ரான் தூரத்தைக் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ 33 ஃபெம்டோ விநாடி போதும். ஒரு விநாடியைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி கோடிப் பங்காக்கினால் வருமே, அதில் மூன்று பங்கு. இதை அளக்க மின்னணுக் கடிகாரமே கிடையாது. ஆகவே கடிகாரம் இல்லாமல் அளந்தார்கள். ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கண்ணுக்கும் மற்றதைத் தூரம் தெரிந்த ஓர் ஆடிக்கும் அனுப்பினார்கள். இரண்டும் கடந்த தூரம் சமமாக இருந்தால் மட்டுமே ஒன்றோடொன்று குறுக்கிட்டுப் பட்டை காட்டும். ஆடியின் தூரம்தான் அளவுகோல்.

2002இல் வந்த கருவி விநாடிக்கு 400 கோடுகளை வருடியது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த தலைமுறை விநாடிக்கு இருபதாயிரத்துக்கும் மேல். நரம்புத் தட்டைச் சுற்றிச் சுமார் 3.4 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தின் மேல் நரம்பிழைப் படலம் எத்தனை மைக்ரான் தடிமன் என்று சொல்லிவிடும். நல்ல கண்ணில் சராசரி 90, 100 மைக்ரான் பக்கம், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் போட்டு அச்சாகி வரும் தாளை உங்கள் வீட்டில் யாராவது வைத்திருக்கலாம்.

டிஃப் எடுப்பது எப்படி

இங்கேதான் என் தொழில் உள்ளே வருகிறது. இரண்டு கோப்புகளுக்கிடையே என்ன மாறியது என்று பார்ப்பதை நாங்கள் டிஃப் எடுப்பது என்போம். கோடுக்கு அது சுலபம், ஒரு எழுத்து மாறினாலும் மாற்றம்தான். கண்ணுக்கு அப்படி இல்லை. ஒரே கண்ணை ஒரே கருவியில் அடுத்தடுத்த நாளில் எடுத்தாலும் எண் நாலைந்து மைக்ரான் கூடக் குறைய வரும். நோயே இல்லாதவருக்கும் வயதாவதால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் அரை மைக்ரான் தேயும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவருக்கு ஆண்டுக்கு ஒன்றரை மைக்ரான் போகிறது என்று வையுங்கள். முதல் படம் 85. ஓராண்டு கழித்து 83.5 ஆகியிருக்கவேண்டும், ஆனால் கருவி 86 என்று காட்டலாம், 80 என்றும் காட்டலாம். இரண்டு படம் மட்டும் கையில் இருந்தால் மூன்று ஆண்டு கடந்தால்தான் இழப்பு அந்த இரைச்சலைத் தாண்டும். நடுவில் நாலைந்து படங்கள் இருந்தால் அவற்றின் ஊடாக ஒரு கோடு இழுத்து, சரிவைச் சீக்கிரமே கண்டுகொள்ளலாம். அதாவது ஒரு படம் எவ்வளவு துல்லியம் என்பதைவிட எத்தனை முறை எடுத்தோம் என்பது முக்கியம்.

அடுத்த சிக்கல் கருவிகள். ஒரு நிறுவனத்தின் கருவி தரும் எண்ணும் இன்னொன்று தரும் எண்ணும் ஒன்றல்ல. ஒரே நிறுவனத்தின் பழைய தலைமுறையும் புதிய தலைமுறையும்கூட ஒத்துப்போகாது. படலத்தின் எல்லை எங்கே என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் முடிவு செய்கிறது. சின்னசேலம் பக்கத்தில் என் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். அவருடைய மஞ்சப்பையில் ஆறு ஆண்டுகளில் மூன்று ஊர்களில் எடுத்த மூன்று ஓ.சி.டி. தாள்கள். மூன்றும் வேறு வேறு கருவி. முதல் இடத்தில் பழைய படங்களின் டிஜிட்டல் பிரதி கேட்டதற்கு, கம்ப்யூட்டர் மாற்றியபோது போய்விட்டது என்றார்கள். மூன்று தாளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் நடுவில் நோய் குணமாகிவிட்டது மாதிரி இருக்கும். "நடுவுல நல்லாத்தானடா இருந்துருக்கு, அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்டார். நடுவில் கருவிதான் மாறியிருக்கிறது.

இன்னும் நுட்பமான ஒரு பொறி உண்டு. கண்புரை இருந்தால் ஒளி சரியாக உள்ளே போகாது, சிக்னல் பலவீனமாகும், படலம் உண்மையைவிட மெலிதாகத் தெரியும். புரை அறுவைக்குப் பிறகு அதே கண்ணைப் படம் எடுத்தால் எண் கூடிவிடும். நம் கிராமத்து நோயாளி பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர், புரையும் பிரஷரும் சேர்ந்தே இருக்கும். புரை எடுத்து, பார்வை தெளிந்து, ஓ.சி.டி. எண்ணும் கூடி வந்திருக்கும்போது சொட்டு மருந்தைத் தொடரச் சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்? அதற்குள் இழைகள் தம் பாட்டுக்குச் செத்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக, தரை. நரம்பிழைகள் ஏறக்குறைய எல்லாம் போன பிறகும் ரத்தக் குழாய்களும் துணைத் திசுக்களும் மிச்சம் இருப்பதால் எண் 50 மைக்ரான் அருகே வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே இறங்காது. அந்த நிலையில் ஓ.சி.டி. அசையாமல் நிற்கும், நோய் நிற்காது. பிறகு விளக்கைக் காட்டி "தெரியுதா" என்று கேட்கும் பழைய பார்வைப்புலப் பரிசோதனைதான் துணை. ஆக, இந்த அற்புதக் கருவி சிறப்பாக வேலை செய்வது நோயின் தொடக்கத்தில் வருபவர்களிடம்.

நம் ஊரில் தொடக்கத்தில் வருவது யார்?

யாருக்கும் தெரியாத நோயாளிகள்

தென்தமிழகக் கிராமங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்த அரவிந்த் ஆய்வு 2003இல் வெளியானது. கிளாக்கோமா இருந்தவர்கள் நூற்றுக்கு 2.6 பேர். அதில் பரவலான வகையான திறந்த கோணக் கிளாக்கோமா இருந்தவர்களில் நூற்றுக்கு 93 பேருக்குத் தமக்கு நோய் இருப்பது அதுவரை தெரியாது. ஐந்தில் ஒருவருக்கு அந்த நோயாலேயே ஒரு கண்ணாவது குருடாகியிருந்தது. சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வு, திருவள்ளூர், காஞ்சிபுரம் கிராமங்களில் இதே வகை நோயாளிகளில் 98.5 சதவீதம் பேர் முன்பு கண்டறியப்படாதவர்கள் என்றது. சென்னை நகரத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை.

இந்த எண்களைக் கல்வராயன் மலைக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆனால் நிலப்படத்தைப் பாருங்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26 அன்று. அதற்கு முன்பு மலைவாசியின் மாவட்டத் தலைநகரம் விழுப்புரம். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, இன்னும் பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் மேற்கே சேலம், கிழக்கே முண்டியம்பாக்கம் அல்லது புதுச்சேரி. மரவள்ளியும் சாமையும் போட்டுப் பிழைக்கிறவர்களிடம், வலிக்காத, இன்னும் தெரியவும் செய்கிற கண்ணுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பயணத்தைச் செய்யச் சொல்கிறோம்.

பார்வை நரம்பைப் பற்றிப் பேசும்போது 2024 ஜூனைத் தாண்டிப் போக முடியாது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஜூன் 18, 19இல் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று நோயாளிகளைப் பிரித்து அனுப்பினார்கள். சாராயம் என்றாலே கல்வராயன் மலையைக் கை காட்டுவது வழக்கம். அன்று உயிர் குடித்தது தொழிற்சாலைகளுக்கான மெத்தனால். உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, செல்களின் மூச்சை அடைக்கிறது. அதிக ஆற்றல் தேவைப்படும் பார்வை நரம்பு முதலில் அடிபடும். பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போனதாக அன்றைய செய்திகளில் வந்தது.

மெத்தனால் தாக்கிய நரம்பு முதலில் வீங்கும். வாரங்கள் போகப் போகப் படலம் மெலிந்து தட்டு வெளிறும். கடுமையாகத் தாக்கிய சில கண்களில் கிளாக்கோமாவைப் போலவே குழியும் விழும். இது மருத்துவ இலக்கியத்தில் பதிவானது. இதன் பொருளை யோசியுங்கள். கருணாபுரத்தில் பிழைத்த ஒருவர் 2034இல் ஏதோ ஓர் ஊரில் கண் காட்டப் போகிறார். மருத்துவர் குழியைப் பார்க்கிறார். இது பத்தாண்டுக்கு முன்பு ஒரே நாளில் நடந்து முடிந்த சேதமா, இப்போது நகர்ந்துகொண்டிருக்கும் கிளாக்கோமாவா? முன்னதற்குச் சொட்டு மருந்து தேவையில்லை, பின்னதற்கு வாழ்நாள் முழுக்கத் தேவை. ஒரு படத்தை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. 2024இன் இறுதியில், சேதம் நிலைபெற்ற பிறகு எடுத்த படம் ஒன்று இருந்து, அதை அந்த மருத்துவர் திறந்து பார்க்க முடிந்தால் சில நிமிடங்களில் விடை தெரிந்துவிடும்.

மறுபடி வருவதற்கு

அழுத்தத்தைக் குறைத்தால் பலன் உண்டு என்பதில் இன்று சந்தேகமில்லை. அமெரிக்காவில் கண் அழுத்தம் கூடியிருந்த 1,636 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஐந்தாண்டில் நோய் வந்தவர்கள், மருந்து போடாத குழுவில் நூற்றுக்கு 9.5, போட்ட குழுவில் 4.4. எலியட் தேடிய 'ஒரு முறை' வழியும் திரும்பி வந்திருக்கிறது: 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்று ஆண்டுகள் சொட்டு மருந்து இல்லாமலே சமாளித்தார்கள். மலைக்கு இது பெரிய சேதி. ஆனால் லேசரின் பலன் நாளடைவில் தேயும். தேய்கிறதா என்று பார்க்க மறுபடி வரத்தான் வேண்டும்.

மறுபடி வரவைப்பதற்குத் தமிழ்நாட்டில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2000களின் நடுவில் அரவிந்த், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தேனியில் கிராமப் பார்வை மையங்களை நீண்டதூர வைஃபையில் இணைத்தது. வீட்டுக்குள் நூறு மீட்டர் போகும் சாதாரண வைஃபையின் நெறிமுறையைத் திருத்தி, திசை ஆன்டெனா வைத்துப் பல கிலோமீட்டர் நீட்டினார்கள். கிராமத்தில் உட்கார்ந்த நோயாளியை நகரத்து மருத்துவர் வீடியோவில் பார்த்தார். பெரிய தொழில்நுட்பம் என்றில்லை. நோயாளியின் பயணத்தைச் சுருக்கவேண்டும் என்ற தீர்மானம்தான் பெரிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை போகிறது. அந்தப் பையில் கண் சொட்டு மருந்துக்கும், கையடக்க அழுத்தமானி ஒன்றுக்கும் இடம் இருக்கும். போனில் பொருத்தி எடுக்கும் விழித்திரைக் கேமராக்கள் இந்தியாவிலேயே தயாராகின்றன. அவற்றின் படம் ஓ.சி.டி. அளவுக்குத் துல்லியம் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் ஒரே மாதிரி எடுத்து, ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால், பத்தாண்டில் இரண்டு தடவை எடுத்த உயர்தரப் படத்தைவிட அது உதவும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது, அதற்கு அரசாணை வேண்டாம். வீட்டில் நாற்பதைத் தாண்டியவர்களிடம், கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததோடு நிற்காமல் ஒரு முறையாவது நரம்பைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருந்தால் கட்டாயம். ஏற்கெனவே காட்டிக்கொண்டிருப்பவர் என்றால் அந்தப் பையை வாங்கிப் பிரியுங்கள். ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து, தேதி, ஊர், கருவியின் பெயர், எந்தக் கண், புரை அறுவை எப்போது நடந்தது என்று எழுதி வரிசையாக வையுங்கள். அச்சுத்தாளோடு மூலப் படக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள், அது நோயாளியின் உடம்பைப் பற்றிய தகவல். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே கருவியில் தொடருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மேலேயிருக்கும் புதுத் தாளோடு அடியில் கிடக்கும் பழைய தாளையும் எடுத்துக் கொடுங்கள். அவர் முதலில் தேடுவது அதைத்தான்.